கழுவாமல் வைத்த கைத்துப்பாக்கி

நடராஜாவுக்குக் கோபமே வராது என்பார்கள். சுத்தப் பொய். வரும், வந்தால் வெளியே தெரியாது, அவ்வளவுதான். ரெய்னர்ஸ் லேன் வீட்டின் கூரையைப் பிரித்துப் போட்டவன் ஒழுக ஒழுக விட்டுவிட்டுப் போனபோதும், பக்கத்து வீட்டுக்காரர் வேலியை அரை அடி இந்தப் பக்கம் தள்ளி நட்டபோதும் அவர் வாயைத் திறக்கவில்லை. கராஜுக்குள் போய் ஏதாவது ஒரு பித்தளைத் துண்டை எடுத்து அரம் போட ஆரம்பித்துவிடுவார். அரத்தின் சத்தம் எவ்வளவு நேரம் கேட்கிறது என்பதை வைத்துத்தான் அவருடைய மனைவி மங்கலம் கோபத்தை அளப்பார். இருபது நிமிடம் என்றால் வேலிக்காரர். ஒரு மணி நேரம் என்றால் கூரைக்காரன்.

போன வருடம் ஏப்ரலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மத்தியானம் தொடங்கிய அரத்தின் சத்தம் விளக்குப் போடும் நேரம் வரை நிற்கவில்லை.

அவர் மலேசியாவில் தைப்பிங்கில் பிறந்தவர். 1974இல் லண்டனுக்குப் படிக்க வந்து, பொலிடெக்னிக்கில் இயந்திரப் பொறியியல் முடித்து, பார்க் ரோயலில் அழுத்தமானி செய்யும் ஒரு கம்பனியில் சேர்ந்து, அங்கேயே ஓய்வும் பெற்றார். மங்கலம் சாவகச்சேரிக்காரர், நர்சாக வேலை பார்த்தவர். இரண்டு பேருக்கும் தாய்மொழி தமிழ்தான் என்றாலும், கல்யாணமான முதல் வருடம் ஒருவர் பேசுவது மற்றவருக்குப் பிடிபடாமல் பாதிக் குடித்தனத்தை ஆங்கிலத்திலேயே ஒப்பேற்றினார்கள்.

நடராஜாவிடம் ஒரு பழக்கம் உண்டு. எதைத் தொடங்கினாலும் பிள்ளையார் சுழி போட்டுவிட்டுத்தான் தொடங்குவார். கடைச் சாமான் பட்டியலின் தலையில் ஒரு ‘உ’. கம்பனியில் வரைந்த வரைபடங்களின் ஓரத்தில் ஒரு ‘உ’. மரவேலை என்றாலும் அப்படித்தான். மகளுக்குச் செய்த தொட்டிலின் அடிப்பலகையில், சமையலறை இழுப்பறையின் உட்புறத்தில், யார் கண்ணிலும் படாத இடத்தில் சிறிய உளியால் சுழித்து ஒரு கோடு இழுத்துவிட்டுத்தான் அடுத்த வேலை. பக்தி என்று சொல்ல முடியாது. கோயிலுக்கு வருடத்தில் இரண்டு முறை போனால் அதிகம். ஆனால் சுழி போடாமல் கையை வைத்தால் வேலை கோணிப்போகும் என்று ஒரு நடுக்கம்.

இன்னொரு பழக்கமும் உண்டு. ஞாயிறு தோறும் வாட்ஃபர்டுக்கு அப்பால் இருக்கும் ஒரு துப்பாக்கிக் கிளப்புக்குப் போவார். நவீனத் துப்பாக்கிகள் அல்ல. குழலின் வாய் வழியாகக் கருமருந்தைக் கொட்டி, ஈயக் குண்டை வைத்துக் கோலால் இடித்து, ஒரு முறை சுட ஒரு நிமிடம் பிடிக்கும் பழைய காலத்து வகை. புகை கிளம்பினால் எதிரில் இருப்பவர் தெரியமாட்டார். அந்தப் புகைக்காரர்களுக்கு ஒரே ஒரு தர்மம்தான் உண்டு: சுட்ட அன்றைக்கே துப்பாக்கியை வெந்நீரும் சோப்பும் போட்டுக் கழுவ வேண்டும். கருமருந்தின் கரி ஈரத்தை இழுத்து ஒரு வாரத்தில் இரும்பைத் தின்றுவிடும். எவ்வளவு பெரிய சோம்பேறியும் அதை மட்டும் செய்யாமல் வீட்டுக்குப் போகமாட்டான்.

கிளப்பின் கருமருந்துப் பதிவேடு 1993இலிருந்து நடராஜாவின் கையில் இருக்கிறது. சட்டப்படி வைத்திருக்க வேண்டிய புத்தகம் அது. 2009இல் பரிசோதனைக்கு வந்த ஒரு போலிஸ் அதிகாரி, எல்லாப் பக்கங்களின் உச்சியிலும் இருந்த சுழியைக் காட்டி இது என்ன என்று கேட்டார். பக்கத்தில் நின்ற கிளப் தலைவர் நைஜல் முந்திக்கொண்டு பதில் சொன்னார். “அது நாட் எதையும் தொடங்கும் முறை. முதலில் தன் கடவுளைக் கூப்பிடுவார்.” கிளப்பில் அவருக்கு நாட் என்றுதான் பெயர். அதிகாரி சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார்.

இனி அந்தக் கைத்துப்பாக்கியின் கதை. 1979 குளிர்காலத்தில், கல்யாணத்துக்கு முன்பு, ரெய்னர்ஸ் லேனில் வாடகைக்கு எடுத்த ஒற்றை அறையில் உட்கார்ந்து நடராஜா அதைச் செய்தார். ஸ்பெயினிலிருந்து, வாங்குபவரே பொருத்திக்கொள்ளும் கிட் ஆக ஒரு பெட்டியில் வரும். குத்துமதிப்பாகச் செதுக்கிய கைப்பிடிக் கட்டை, மெருகிடாத குழல், மருந்தைப் பற்றவைக்கும் சுத்தியலும் வில்லும் பொருத்திய, ‘பூட்டு’ எனப்படும் இரும்புப் பொறி, சொரசொரவென்று வார்த்த பித்தளைத் துண்டுகள், ஒரு பை திருகாணி. மற்றவர்கள் உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, வார்னிஷ் பூசி, இரண்டே வாரத்தில் முடித்துவிடுவார்கள். நடராஜா நான்கு மாதம் எடுத்தார். பூட்டு உட்காரும் பள்ளத்தை மயிரிழை இடைவெளி இல்லாமல் குடைந்தார். கைப்பிடி தன் சின்னக் கைக்குப் பெரிதாக இருந்ததால் இழைத்து இழைத்து ஒடுக்கினார். மேசையில் பரப்பிய செய்தித்தாளில் மரத்தூள் விழுந்துகொண்டே இருந்தது. அவர் வாழ்க்கையில் தனக்கென்று செய்த முதல் பொருள் அது.

1984இல் தைப்பிங்கில் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தது. வேலையை விட்டுவிட்டு, மங்கலத்தையும் அழைத்துக்கொண்டு, எப்போது திரும்புவோம் என்று தெரியாமல் கிளம்ப வேண்டியிருந்தது. இங்கே இல்லாதவருக்கு லைசென்ஸ் நிற்காது; லைசென்ஸ் இல்லாத துப்பாக்கியை வீட்டில் பூட்டிவிட்டும் போகமுடியாது. லைசென்ஸ் உள்ள நண்பர் ஒருவர் பெயரில் மாற்றிக் கொடுத்துவிட்டுப் போகலாம். டெரெக்கிடம் கொடுத்தார்.

டெரெக் வாட்ஃபர்டில் கம்பளக்கடை வைத்திருந்தவர். கிளப்பைத் தொடங்கியவர்களில் ஒருவர். மங்கலத்தின் மீன் கட்லட் என்றால் உயிர். ஒவ்வொரு ஞாயிறும் ஏதாவது சாக்குச் சொல்லிக்கொண்டு வீட்டுக்கு வந்து, அடுப்படி வரைக்கும் போய் நிற்பார்.

இரண்டு வருடம் கழித்து, அப்பாவின் காரியமெல்லாம் முடித்து நடராஜா திரும்பி வந்தார். டெரெக் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: “என்னை மன்னித்துவிடு நாட். லைசென்ஸ் புதுப்பிக்கும்போது ஒரு துப்பாக்கியைக் குறைக்கச் சொன்னார்கள். உன்னுடையதைப் போலிஸில் ஒப்படைத்துவிட்டேன். உருக்கியிருப்பார்கள்.” சொல்லும்போது கண்ணைக்கூடத் துடைத்துக்கொண்டார். நடராஜாதான் அவருடைய தோளைத் தட்டித் தேற்றினார். அன்றைக்கும் மங்கலம் கட்லட் பொரித்தார்.

ஒப்படைத்தால் போலிஸில் ஒரு ரசீது தருவார்கள். அதைக் காட்டு என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் விஷயம் அன்றைக்கே வெளுத்திருக்கும். ஆனால் வீட்டில் கை நனைத்தவரிடம் ரசீது கேட்பதா? அதுவும் அழுதுகொண்டு நிற்பவரிடம்? நம் ஆட்களுக்கு இந்த மரியாதைதான் எமன். நடராஜா கேட்கவில்லை. முப்பத்தெட்டு வருடம் ஞாயிறு தோறும் பக்கத்துப் பக்கத்து மேசையில் நின்று சுட்டார்கள். ஒரே பிளாஸ்கில் தேநீர் குடித்தார்கள்.

போன வருடம் பிப்ரவரியில் டெரெக் இறந்தபோது, இறுதிச் சடங்கில் கிளப் சார்பாகப் பேசியது யார் என்கிறீர்கள்? நடராஜாவேதான். “இரவல் வாங்கிய ஒரு ஸ்க்ரூட்ரைவரைக்கூட அடுத்த ஞாயிறே திருப்பித் தந்தவர்” என்று சொல்லிவிட்டு வந்து உட்கார்ந்தார்.

ஏப்ரலில் அந்த ஞாயிற்றுக்கிழமை நைஜல் ஒரு பழைய துவாலைப் பொதியைக் கிளப் மேசைமேல் கொண்டுவந்து வைத்தார். நைஜல் ஒரு பள்ளிக்கூடத்தில் உதவித் தலைமையாசிரியராக இருந்தவர். கெட்டவர் இல்லை. தான் தலைவராக இருக்கும்வரை எந்தச் சண்டையும் வந்துவிடக்கூடாது என்று கும்பிட்டுக்கொண்டே காலம் தள்ளுகிறவர்.

“டெரெக்கின் இரும்பு அலமாரியில் பின்பக்கம் கிடந்தது” என்றார் நைஜல். “மொரீன், புருஷன் ஞாபகமாக, கிளப்புக்கே கொடுத்துவிட்டாள். அவனே கையால் செய்தது. ஜூனில் ஐம்பதாம் ஆண்டு விழாவுக்கு இதைத்தான் நடுவில் வைக்கப்போகிறோம். உன்னால்தான் இதைச் சரிசெய்ய முடியும், நாட்.”

துவாலையை விரித்தார். குழல் முழுக்கச் செந்துரு. பித்தளை பச்சை பிடித்திருந்தது. கைப்பிடிக் கழுத்தில் ஒரு வெடிப்பு. கூடவே ஒரு அட்டை. அதில் டெரெக்கின் சாய்வெழுத்தில், ‘நானே செய்தது, 1979 குளிர்காலம்’ என்று இருந்தது.

நடராஜா எடுத்துப் பிடித்தார். நாற்பது வருடம் கழித்தும் அந்தக் கைப்பிடி அவருடைய உள்ளங்கையில் அளவெடுத்த மாதிரி வந்து உட்கார்ந்தது. அளவெடுத்துத்தானே செய்தார்.

“இது என்னுடையது” என்றார்.

நைஜல் முதலில் சிரித்தார். பிறகு நடராஜாவின் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரிப்பை நிறுத்தினார். நடராஜா 1984இல் நடந்ததைச் சொன்னார். நைஜல் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “நாட், அது கிட். அந்த வருடம் நம் கிளப்பிலேயே ஏழு பேர் அதையே செய்தார்கள். ஏழும் ஒன்று போலத்தான் இருக்கும்” என்றார்.

“கைப்பிடியைப் பார்.”

“எல்லோரும்தான் கைப்பிடியை இழைத்தார்கள். நீ அவனுக்கு உதவி செய்திருப்பாய், அது உன் மனதில் நின்றிருக்கும். நாற்பது வருடம் ஆகிவிட்டது. நமக்கெல்லாம் வயதாகிறது.” குரலைத் தாழ்த்தினார். “மொரீன் இப்போதுதான் புருஷனைப் புதைத்திருக்கிறாள். இந்த நேரத்தில் இதைக் கிளற வேண்டுமா?”

எது பெரிய அவமானம் என்று நடராஜாவுக்கே தெரியவில்லை. திருட்டா, திருடியதைத் தன் பெயரில் எழுதி வைத்ததா, இப்போது தன்னை மறதிக்காரக் கிழவனாக்கி, துக்க வீட்டுப் பெண்ணைக் கேடயமாகப் பிடித்துக்கொண்டு வாயை அடைப்பதா? பழக்கத்தில், குழலுக்குள் மருந்து ஏதும் இருக்கிறதா என்று கோலை விட்டுப் பார்த்தார். மருந்து இல்லை. ஆனால் கோல் முனையில் கறுப்பாகக் கரி ஒட்டிக்கொண்டு வந்தது. பழைய கரி, கல்லாக இறுகிய கரி.

டெரெக் அதை எங்கேயோ கொண்டுபோய்ச் சுட்டிருக்கிறான். இனி அந்த ஆளுக்கு ‘அவர்’ என்ன வேண்டிக்கிடக்கிறது? சுட்டுவிட்டு, கழுவாமல், அப்படியே துவாலையில் சுருட்டி வைத்திருக்கிறான்.

மத்தியானம் தொடங்கிய அரம் நிற்காததால், மங்கலம் தேநீருடன் கராஜுக்குப் போனார். நடராஜா நடந்ததைச் சொன்னார். மங்கலம் கோப்பையைக் கீழே வைக்க மறந்து கேட்டுக்கொண்டு நின்றார்.

“அந்த மனிசனுக்கு நான் எத்தினை வருசம் கட்லட் பொரிச்சுக் குடுத்தன்” என்றார் கடைசியில். “காய்ச்சலோடயும் நிண்டு பொரிச்சனான். உங்கட சாமானைக் கொண்டுபோய்த் தன்ர வீட்டில ஒளிச்சு வைச்சுக்கொண்டெல்லே வந்து திண்டிருக்கிறான்.”

“நான் பொய் சொல்றேன்னு நைஜல் சொல்லலை. மறந்துட்டேன்னு சொல்றான். அதுதான் தாங்கலை.”

“அதுக்கு இப்ப என்ன செய்யப் போறியள்? இந்தப் பித்தளையை முழுக்க ராவித் தூளாக்கப் போறியளே?”

“என்னா செய்றது? கையில ஒரு காகிதம் கெடையாது. பழைய லைசென்ஸை அப்பவே வாங்கிக்கிட்டாங்க.”

மங்கலம் சற்று யோசித்தார். “இஞ்சாருங்கோ. நீங்கள் கறிவேப்பிலை வாங்கிற துண்டிலயும் உ போடுற ஆளெல்லே. அதில போடாமலே விட்டிருப்பியள்?”

அரம் நின்றது. கோபத்தில் இது அவருக்குத் தோன்றவே இல்லை. போட்டிருக்க வேண்டும். போட்டிருந்தால் பூட்டு உட்காரும் பள்ளத்தின் அடியில், மரத்தில்தான் இருக்கும். உளி முதலில் இறங்கிய இடம் அதுதான். ஆனால் போட்டது நினைவில் இருக்கிறதா? செய்தித்தாள் நினைவிருக்கிறது. ஹீட்டரின் மணம் நினைவிருக்கிறது. சுழியை மட்டும் எவ்வளவு தேடியும் பிடிக்க முடியவில்லை. பழக்கமாகச் செய்வதை யார் நினைவு வைத்துக்கொள்கிறார்கள்?

அடுத்த ஞாயிறு நைஜலிடம் போய், “நான் சரிசெய்து தருகிறேன்” என்றார். நைஜலுக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. சண்டை முடிந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டார்.

கிளப்பின் பெயரில் இருக்கும் துப்பாக்கியை வெளியே கொண்டுபோக முடியாது. அதனால் ஞாயிறு தோறும் கிளப்பின் பின்னால் உள்ள மரக் கொட்டகையில் வேலை நடந்தது. குழலைக் கழற்றி, கொதிநீர் ஊற்றி ஊற்றி ஊறவைத்து, கரியைச் சுரண்டி எடுத்தார். ஏழாவது தடவைதான் நீர் தெளிவாக வந்தது. துருவை எண்ணெயும் இரும்புப் பஞ்சும் போட்டு, அவசரப்படாமல், வட்டம் வட்டமாகத் தேய்த்தார். உள்ளே புழு அரித்த மாதிரிக் குழிகள். நல்ல குழல். தான் மெருகிட்ட குழல். அதைத் தேய்க்கத் தேய்க்க ஆத்திரம் ஏறியதே தவிர இறங்கவில்லை. கழுத்து வெடிப்பில் பசை விட்டு இறுக்கிக் கட்டினார். பித்தளையைப் பழையபடி மினுக்கினார்.

பூட்டை மட்டும் தொடமுடியவில்லை. அதைப் பிடித்திருந்த திருகாணி துருவேறி இறுகியிருந்தது; போதாததற்கு அதன் தலையை எவனோ பொருந்தாத ஸ்க்ரூட்ரைவர் போட்டுச் சிதைத்திருந்தான். எவனோ என்ன, அவன்தான். கழற்றத் தெரியாமல் முயன்று பார்த்துவிட்டு விட்டிருக்கிறான். துளை போட்டுத் திருகாணியை எடுத்துவிடலாம். ஆனால் துரப்பணம் கொஞ்சம் விலகினாலும் அடியில் இருக்கும் மரம் போய்விடும். நடராஜா எண்ணெய் விட்டார், காத்திருந்தார், சால்டரிங் அயனால் சூடேற்றினார், மறுபடி எண்ணெய் விட்டார். அந்தச் சிதைந்த தலைக்கென்றே ஒரு ஸ்க்ரூட்ரைவரைத் தீட்டி எடுத்தார். ஐந்தாவது ஞாயிறு திருகாணி கால் சுற்று அசைந்தது.

அவருடைய கை அப்படியே நின்றது. இன்னும் மூன்று சுற்றுச் சுற்றினால் பூட்டு கையோடு வந்துவிடும். உள்ளே பார்த்துவிடலாம். கொட்டகையில் அவரைத் தவிர யாரும் இல்லை.

யாரும் இல்லை என்பதுதான் சிக்கல். தனியாகத் திறந்து, ‘இதோ என் அடையாளம்’ என்று கொண்டுபோய்க் காட்டினால் என்ன சொல்வார்கள்? ஐந்து வாரம் உன் கையில்தானே இருந்தது, போன வாரம் நீயே கீறியிருப்பாய் என்பார்கள். வாயால் சொல்லாவிட்டாலும் பார்வையால் சொல்வார்கள். அவர் திருகாணியைக் கால் சுற்றுத் திரும்ப இறுக்கிவிட்டு வீட்டுக்கு வந்தார்.

“திறக்கேல்லையே?” என்று மங்கலம் கேட்டார்.

“விழா அன்னைக்கு எல்லார் முன்னாலயும் திறக்கப்போறேன்.”

“உள்ளுக்கை ஒண்டும் இல்லாட்டி?”

“இல்லைன்னா செத்தவன் பொருளுக்கு ஆசைப்பட்ட கிழவன். அவ்வளவுதான்லா.”

அந்த இரவு இரண்டு பேருமே சரியாகச் சாப்பிடவில்லை.

விழா நாள். பன்னிரண்டு மணிக்கு ஆட்கள் வருவார்கள். பத்தரைக்கே நடராஜா கமிட்டிக்காரர்களை மேசையைச் சுற்றிக் கூப்பிட்டார். நடுவில் வெல்வெட் துணி விரித்து, டெரெக்கின் பெயர் அச்சிட்ட அட்டையும் தயாராக நிமிர்ந்து நின்றது. மொரீனும் சீக்கிரமே வந்திருந்தார். எண்பது வயதை நெருங்கும் மெல்லிய பெண்மணி. அவரைப் பார்த்ததும் நைஜலின் முகம் வெளிறியது.

“நாட், இன்றைக்கு வேண்டாம்” என்று காதோரம் சொன்னார்.

“பூட்டுக்குள் இன்னும் சுத்தம் செய்யவில்லை, நைஜல். அரைகுறையாக எப்படிக் கொடுப்பது? எல்லோரும் பார்க்கட்டும்” என்றார் நடராஜா. பிறகு எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, “இது நான் செய்தது. நான் செய்திருந்தால் உள்ளே என் அடையாளம் இருக்கும். இல்லாவிட்டால் உங்கள் எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்டுவிட்டு இந்தக் கிளப்பை விட்டுப் போய்விடுகிறேன்” என்றார்.

திருகாணி சுற்றி வந்தது. பூட்டு மெதுவாகக் கழன்றது. பள்ளம் தெரிந்தது. உள்ளே மரமே தெரியவில்லை. கரியும் எண்ணெயும் சேர்ந்து தாராக இறுகி அப்பிக்கிடந்தது.

யாரோ தொண்டையைச் செருமினார்கள். நடராஜா ஒரு பழைய பல்துலக்கியை வெந்நீரில் தோய்த்துத் தேய்க்க ஆரம்பித்தார்.  துடைத்தார், மறுபடி தேய்த்தார். கட்லட் தட்டோடு கதவருகே நின்ற மங்கலம் தட்டை இறக்கி வைக்கவே இல்லை. நான்காவது தடவை துடைத்தபோது வெளிறிய மரத்தில், நகக்கண் அளவுக்கு, ஒரு சுழி தெரிந்தது. அதன் கடைசியில் வலப்பக்கம் நீண்ட ஒரு கோடு.

 நடராஜா துப்பாக்கியைத் திருப்பி வெளிச்சத்தில் காட்டினார்.

நைஜல் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்தார். “உளி சறுக்கிய மாதிரியும் இருக்கலாம்...” என்று இழுத்தார்.

இருந்த கொஞ்ச நஞ்சப் பொறுமையும் அங்கேதான் போயிற்று. நடராஜா எழுந்தார், அலமாரியிலிருந்து கருமருந்துப் பதிவேட்டை எடுத்தார், மேசைமேல் பொத்தென்று போட்டு விரித்தார். ஒரு பக்கம், இன்னொரு பக்கம், இன்னொரு பக்கம். எல்லாவற்றின் உச்சியிலும் அதே சுழி, அதே கோடு. முப்பத்தோரு வருடத்துச் சுழிகள்.

“2009இல் அந்தப் போலிஸ் அதிகாரி கேட்டபோது நீ என்ன பதில் சொன்னாய், நைஜல்? நீயே சொல். உனக்கு மறந்திருந்தால் பரவாயில்லை, நமக்கெல்லாம் வயதாகிறது.”

நைஜலின் காது சிவந்தது. “நாட் எதையும் தொடங்கும் முறை” என்று தரையைப் பார்த்துச் சொன்னார். பிறகு அவசரமாக, “சரி, அட்டையில் இரண்டு பேர் பெயரையும் போட்டுவிடலாம். டெரெக்கும் நாட்டும் சேர்ந்து செய்தது. யாருக்கும் வருத்தம் இல்லாமல்...” என்றார். ஓரக்கண் மொரீன் பக்கம் போனது.

மொரீன் கைத்தடியை ஊன்றிக்கொண்டு முன்னால் வந்தார். துப்பாக்கியை வாங்கவில்லை, பார்த்தார். அந்தப் பொருத்தமான பள்ளத்தை, இழைத்த கைப்பிடியை, பித்தளையின் ஓரங்களை.

“எனக்கும் டெரெக்குக்கும் கல்யாணமாகி ஐம்பத்தொரு வருடம்” என்றார். “என் வீட்டில் ஒரு அலமாரித் தட்டைக்கூட அந்த மனிதர் நேராக அடித்ததில்லை. இதைச் செய்தது அவர்தான் என்று நீங்கள் எல்லோரும் எப்படி நம்பினீர்கள்? நான் தாங்கமாட்டேன் என்று நீங்களே முடிவுசெய்துவிட்டீர்கள். என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.”



நடராஜா அவர் பக்கம் திரும்பினார். “இறுதிச் சடங்கில் நான் ஒன்று சொன்னேன். இரவல் வாங்கியதைத் திருப்பித் தருவார் என்று. அதைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன்.”

“எடுத்துக்கொள்ளுங்கள்” என்றார் மொரீன்.

டெரெக்கின் பெயர் இருந்த அட்டையை அவரே எடுத்து இரண்டாகக் கிழித்துக் கைப்பையில் போட்டுக்கொண்டார். நடராஜா புது அட்டை ஒன்றில் சுழி போட்டு, அதன் கீழே தன் பெயரை எழுதினார். முழுப் பெயர், நாட் அல்ல. பூட்டை அவர் திரும்ப மாட்டவில்லை. துப்பாக்கியை ஒருக்களித்துப் பள்ளம் தெரியும்படி வெல்வெட்டில் வைத்து, பூட்டைப் பக்கத்தில் வைத்தார்.

“இப்படித் திறந்து வைத்தால் வருகிறவர்கள் எல்லாம் அது என்ன, ஏன் என்று கேட்பார்களே” என்றார் நைஜல்.

“கேட்கட்டும். நான் இங்கேதான் நிற்பேன்.”

சாயந்திரம் நான்கு மணி வரை அங்கேயே நின்றார். கேட்ட எல்லோருக்கும் சொன்னார், ஒன்றையும் விடாமல். கிளப் அடுத்த மாதமே துப்பாக்கியை அவருடைய லைசென்ஸில் மாற்றித் தர ஒத்துக்கொண்டது. மங்கலத்தின் கட்லட் ஒரு மணிக்கெல்லாம் தீர்ந்துபோனது. ஒன்றே ஒன்றை மட்டும் அவர் முன்கூட்டியே எடுத்து, துடைதாளில் சுற்றி, மொரீனுக்குக் கொடுத்திருந்தார்.

காரில் வீட்டுக்குத் திரும்பினார்கள். ஹரோ தாண்டியதும் மங்கலம் மெதுவாகக் கேட்டார்.

“இப்ப சந்தோசம்தானே? எல்லாரும் அறிஞ்சிட்டினம். கோபம் போட்டுதே?”

“போகலை.”

“இன்னும் என்னப்பா?”

நடராஜா சிக்னலில் காரை நிறுத்தினார். சிவப்பு விளக்கையே பார்த்துக்கொண்டு இருந்தார்.

“எடுத்ததுகூடப் போகட்டும் மங்கலம். தான் செஞ்சதுன்னு எழுதி வெச்சானே, அதுகூடப் போகட்டும். சுட்டுட்டுக் கழுவாம வெச்சிருந்தான் பாரு.”